நாம என்று பேசுகிறவள்

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் அவள் குடும்பத்தில் ஒருவராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. "பெரிய பெரிய கம்பெனிகளுக்கு யோசனை சொல்ற வேலை" என்பாள் அக்கா. கேட்டவர் அதோடு விடாமல், "அந்தக் கம்பெனிக்காரங்களுக்கே யோசனை இருக்காதா?" என்று இழுத்தால் அக்காவுக்குச் சுள்ளென்று வரும். "இருந்தா எதுக்கு இவளைக் கூப்பிடறாங்க?" என்று பேச்சை அங்கேயே வெட்டிவிடுவாள்.

அக்கா புருஷனுக்கு, அதாவது மாமாவுக்கு, இந்தக் கேள்வி என்றால் கொண்டாட்டம். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். வாய் ஓயாதவர்.

"டாக்டர் மாதிரின்னு வச்சுக்கங்க. வந்து நாடி பிடிச்சுப் பாப்பா. நாக்கை நீட்டச் சொல்லுவா. இது இது கோளாறுன்னு எழுதிக் குடுப்பா. மருந்து குடுக்கிறது அவ வேலை இல்ல. நோயாளி பொழைச்சானா போனானான்னு பாக்கிறதும் அவ வேலை இல்ல. ஃபீஸ் மட்டும் கரெக்டா வாங்கிடுவா."

"லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு வெளியில நின்னு ஜோக் சொல்றதுக்கு இது எவ்வளவோ தேவலை மாமா" என்பாள் அவள்.

"உள்ள இருக்கிறவன் அழாம இருக்கணும்ல பெட்டி?"

பெட்டி என்பது மாமா வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சக்கரம் வைத்த கறுப்புப் பெட்டியோடு வந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள், பெட்டியைத் திறக்கக்கூட இல்லாமல் காலையில் உருட்டிக்கொண்டு போய்விட்டாள். "வந்தது அவளா, பெட்டியா?" என்று மாமா கேட்டார். பெயர் பசைபோட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. எதிர் வீட்டுக்காரம்மா வரைக்கும் "பெட்டி வந்திருக்குபோல, சிரிப்புச் சத்தம் கேக்குது" என்று விசாரிக்கும் அளவுக்கு.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு பெட்டிக்கு வீடு என்றால் அக்கா வீடுதான். வேலையில் கொடுத்த ஃப்ளாட் ஒன்று இருந்தது. அதில் ஒரு கட்டில், ஒரு மின்கெட்டில், பிரிக்காத திரைச்சீலை. அவ்வளவுதான்.

உனக்காகத்தானே அக்கா படிப்பை விட்டாள் என்று சொந்தத்தில் யாராவது உருகினால் அக்காவே தடுத்துவிடுவாள். "நான் எங்க விட்டேன்? அதுதான் என்னை விட்டுட்டுப் போச்சு. என் கணக்குப் பேப்பரைப் பாத்து வாத்தியார் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு." படிப்பு விட்ட கையோடு மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள், கல்யாணமாகி, மகள் பிறந்து, அந்த மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகும் அதே இடத்தில்தான் இருந்தாள். அங்கே அவளுக்கு ரெண்டாவது டேபிள்.

லென்ஸைத் தேய்த்து, மெருகேற்றி, மேல்பூச்சு போட்டு, ஜோடி ஜோடியாகப் பிளாஸ்டிக் தட்டில் வைத்து அனுப்புவார்கள். முதல் டேபிளில் ஒருத்தி மெஷினில் வைத்துப் பவர் சரியா என்று பார்ப்பாள், விளக்குக்கு நேரே பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாள். ரெண்டாவது டேபிளில் அக்கா அதையே இன்னொரு தரம் பார்த்துவிட்டு, காகித உறையில் போட்டு ஒட்டுவாள். எப்போதோ ஒருமுறை ஒரு பெரிய கடையிலிருந்து சரக்கு அப்படியே திரும்பி வந்ததாம். முதலாளி கோபத்தில், "இன்னொரு டேபிள் போடு!" என்று கத்தினாராம். போட்டார்கள். முதலாளி காலமாகி, அவர் மகன் வந்து, கட்டடமே மாறி, டேபிளும் கூடவே வந்தது. ஜன்னலை ஒட்டிய இடம். முதல் டேபிள்காரி அக்காவுக்கு உயிர்த்தோழி. ரெண்டு பேரும் லென்ஸைப் பார்த்தபடியே ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கலாம். "சம்பளம் அவங்களுக்காகக் குடுக்கிறது, ஜன்னல் எனக்காகக் குடுத்தது" என்பாள் அக்கா.

எந்தக் காரியமானாலும் அந்த வீட்டில் முடிவு தள்ளிப்போகும். ஃப்ரிட்ஜ் வாங்கணுமா, மகளை எந்தப் பிரிவில் சேர்ப்பது, மாடி வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய் விஷயத்தில் திமிராகப் பேசினாரே அவருக்கு என்ன பதில் சொல்வது, எல்லாவற்றுக்கும் அக்காவிடம் ஒரே வாக்கியம்தான்: "இரு, பெட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"அவகிட்ட கேட்டா ஃபீஸ் கேப்பா" என்பார் மாமா.

எங்கோ ஒரு விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது பெட்டிக்குப் போன் வரும். காலணியைக் கழற்றிக்கொண்டே ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேசுவாள். அவள் யோசனைக்குப் பெரிய மனிதர்கள் காத்திருந்த நாட்கள் உண்டு. ஆனால் அவள் சொன்னபடியே நடந்து, நடந்ததைத் திரும்ப வந்து கண்ணால் பார்க்க முடிந்த யோசனை என்றால் அது அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ்தான்.

அந்த வேலை அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு மழைக்காலம் முழுக்க சிமெண்ட் ஆலை, அது முடிந்ததும் காப்பீட்டு அலுவலகம், அப்புறம் ஐஸ்கிரீம் கிடங்கு என்று, மற்றவர்கள் ஆயுளுக்கும் ஒரே கதவு வழியாகப் போய்வரும் இடங்களுக்குள் எல்லாம் அவள் நினைத்தபடி நுழைந்து, யாரை வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். இது என்ன, அது ஏன், இப்படி இல்லாமல் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? சின்ன வயதில் இதே கேள்விகளுக்கு அம்மாவிடம் குட்டு வாங்கியவள். இப்போது கேட்பதற்குச் சம்பளம். கூட இருந்தவர்களும் கூர்மையான ஆட்கள். பாதி வாக்கியம் சொன்னால் மீதியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருமுறை விஷக்காய்ச்சலில் படுத்தபோது நல்ல ஆஸ்பத்திரியில் தனி அறை எடுத்து, அக்காவுக்கும் டிக்கெட் போட்டுக் கூட்டிவந்து உட்கார வைத்தது அந்த நிறுவனம்தான். அக்கா அதை இன்றைக்கும் சொல்வாள்.

பிடிக்காதது ஒன்று உண்டு. அது மெல்ல மெல்லத்தான் உறைத்தது. அறிக்கை கொடுத்த மறுநாள் அவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். அந்த இடம் அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. யாரிடமும் விடைபெறுவதும் வழக்கமில்லை.

அவளுடைய கெட்டிக்காரத்தனம் எல்லாம் ஒரு சொல்லில் இருந்தது. அதைச் சொல்லிக் கொடுத்தது அவள் மேலதிகாரி. வயது அப்படியொன்றும் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் அவர் பெரியவர்.

"போன இடத்துல 'உங்க கம்பெனி'ன்னு வாயில வரக்கூடாது. 'நம்ம கம்பெனி'. 'நீங்க இதை எப்படிப் பண்றீங்க' இல்ல. 'நாம இதை எப்படிப் பண்றோம்'. அதைவிட மோசம் 'நாங்க'. 'நாங்க வந்து பாத்தோம்'னு ஒருத்தர் சொல்லிட்டா போச்சு, அவன் கதவைச் சாத்திடுவான். 'நாம'ன்னு சொல்லிப் பாருங்க. அவனே நாற்காலி எடுத்துப் போடுவான்."

'நாங்க' என்றால் கேட்கிறவன் வெளியே. 'நாம' என்றால் கேட்கிறவனும் உள்ளே. நாம் எல்லோரும் மழலையிலேயே பிழையில்லாமல் கற்றுக்கொள்கிற வித்தியாசம். அதைப் பெரியவர் ஒரு சாவிபோல எடுத்துக் கொடுத்தார். மற்றவர்கள் சொல்லும்போது அது பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். பெட்டி சொன்னால் அப்படி இருக்காது. சொல்லும்போது அவள் அதை நம்பவும் செய்தாள். ஐஸ்கிரீம் கிடங்கில் ஒரு மனிதர், "நாம ஏன் இந்தக் கதவை இத்தனை தரம் திறக்கறோம்?" என்று அவள் கேட்டதும் தன் கம்பளிக் கோட்டையே கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு, பற்கள் கிடுகிடுக்க நின்று அந்தக் கதவின் கதையைச் சொன்னார். அந்தக் கோட்டின் கதகதப்பு அவளுக்கு நெடுநாள் நினைவிருந்தது. அந்த மனிதர் அதற்கப்புறம் அங்கே இருந்தாரா என்பது தெரியாது.

பிறகு அவளே புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் நிலைக்கு வந்தாள். அவர்களில் கெட்டிக்காரி ஒரு சுருட்டைமுடிப் பெண். முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டாள். "எனக்கு 'நாம' தானா வருது மேம்" என்றாள். "எங்க வீட்ல ஆளுங்க அதிகம்."

அவர்கள் நிறுவனத்தில் வாடிக்கையாளரின் பெயரை வெளியே உச்சரிக்கக் கூடாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். மல்லிகை என்பது சிமெண்ட் ஆலை. ரோஜா என்றால் கழிவுநீர்க் குழாய் செய்பவர்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சுருட்டைமுடி, தான் அடுத்து 'தாமரை'யில் சேரப் போவதாகச் சொன்னாள். மூக்குக் கண்ணாடி லென்ஸ் செய்கிற இடம் என்றாள். எந்தத் தெருமுனையில் என்றும் சொன்னாள்.

பெட்டி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நேரே பெரியவரிடம் போனாள். சொந்தக்காரர் வேலை பார்க்கும் இடமென்றால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

"அக்காவா? சொந்த அக்காவா?" என்று கேட்டார் பெரியவர். "நீங்க அந்த டீம்ல இல்லையே. அப்புறம் என்ன? வீட்ல இதைப் பத்திப் பேச்சு எடுக்காம இருந்தா போதும். அவங்களா பேசினாலும் நீங்க பேச வேண்டாம்."

"சரி."

"கஷ்டம்தான். தெரியும்" என்று கூடச் சொன்னார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா கட்டிலில் துணி மலையைக் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி எதிரே உட்கார்ந்து மாமாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மாமா தரையில் படுத்து அரைத் தூக்கம்.

"ஏன்டி, எங்க கம்பெனிக்கு உங்களை மாதிரி ஆளுங்க வந்திருக்காங்க" என்றாள் அக்கா. "உங்க ஆபீஸேதானோ என்னவோ. கழுத்துல நீலப் பட்டையில அட்டை."

பெட்டி ஊசியைப் பார்த்தபடி இருந்தாள். அக்கா பதிலுக்கு நிற்கவில்லை.

"வர்ற வாரம் ஒவ்வொருத்தரா உக்கார வச்சுப் பேசப்போறாங்களாம். நாள் முழுக்க என்ன பண்றீங்க, எப்படிப் பண்றீங்கன்னு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரியா இருக்கு. அதான் நீ இருக்கியேன்னு நினைச்சுக்கிட்டேன். சொல்லு, என்ன சொல்லணும் நான்?"

பெட்டிக்குத் தெரியும். எந்த வார்த்தை எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. முதல் டேபிளில் நழுவியதை நான் பிடிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு நேரமே போதவில்லை என்று சொல்ல வேண்டும். அவள் பார்த்ததையே பார்க்கிறேன் என்று மட்டும் தப்பித்தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. மூன்றும் நாக்கு நுனியில் நின்றன.

அவள் தலை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். விதியை மீறாத ஒரு வாக்கியம், பொய்யும் இல்லாத ஒரு வாக்கியம், பின்னால் யார் கேட்டாலும் நிற்கக்கூடிய வாக்கியம் எது என்று தேடினாள். கிடைத்தது.

"உள்ளதை உள்ளபடி சொல்லுக்கா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்குப்போய் இவ்வளவு யோசிச்சியே" என்றார் மாமா தரையிலிருந்து, கண்ணைத் திறக்காமல். "ஃபீஸ் ஏறப்போகுது."

அக்கா சிரித்தாள். துண்டை உதறி மடித்தாள். பெட்டி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அடுத்த வாரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. குரலில் ஒரே உற்சாகம்.

"தங்கமான பொண்ணுடி! சுருட்டை சுருட்டையா முடி. இத்தனை வருஷத்துல நான் என்ன பண்றேன்னு அங்க ஒரு ஆளு கேட்டதில்லை. அது கேட்டுச்சு. 'நம்ம டேபிளுக்கு எப்படி வருது, நாம எங்க வைக்கிறோம்'னு என்னவோ என்கூடப் பொறந்த மாதிரி பேசிச்சு. எனக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு."

"நீ என்ன சொன்ன?"

"நீ சொன்ன மாதிரி உள்ளதைத்தான். முதல் டேபிள்காரியைப் பத்தி நல்லா எடுத்துச் சொன்னேன். பாவம், அவளுக்கு எத்தனை வருஷமா சம்பளம் ஏத்தாம வச்சிருக்காங்க. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தாலும் என் டேபிளுக்கு வர்றதுல ஒரு கீறல் அகப்படாது, அவ்வளவு சுத்தமாப் பாத்து அனுப்புவான்னு சொன்னேன். அது அப்படியே எழுதிக்கிச்சு. இந்தத் தடவை அவளுக்கு ஏதாவது பண்ணுவாங்கன்னு தோணுது. பண்ணுவாங்கல்ல?"

பெட்டி அப்போது வாடிக்கையாளர் ஒருவரின் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். மேலும் கீழுமாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். "மீட்டிங் இருக்குக்கா, அப்புறம் கூப்பிடறேன்" என்றாள். மீட்டிங் முடிந்துதான் வெளியே வந்திருந்தாள்.

சில வாரம் கழித்து அலுவலகக் காபி மெஷின் பக்கத்தில் சுருட்டைமுடி நின்றிருந்தாள். முகம் மலர்ந்து கிடந்தது.

"மேம், பேர் எதுவும் சொல்லலை, பொதுவாச் சொல்றேன். ஒரு அக்கா, தன் டேபிளே தேவையில்லைன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க மேம். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்தாலும் கீறல் அகப்படாதாம்! அதை அப்படியே மேற்கோள் குறி போட்டு முதல் பக்கத்துல வச்சிட்டோம். பெரியவர் படிச்சுட்டு எழுந்து நின்னுட்டாரு."

பெட்டி காபிக் கோப்பையை மெஷினிலிருந்து எடுத்தாள். கை சுட்டது. "அவங்க யாரைப் புகழ்றாங்கன்னு கவனிச்சியா?" என்று கேட்டாள்.

"யாரை?"

"ஒண்ணுமில்ல."

"தப்பா எதுவும் பண்ணிட்டேனா மேம்? உண்மையிலயே அந்த டேபிள் வேண்டாத டேபிள்தான். ரெண்டு வாரம் எண்ணிப் பாத்தோம்."

"தெரியும்" என்றாள் பெட்டி. அதுதான் கொடுமை. சுருட்டைமுடி சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இதே பக்கத்தை அவளிடம் சரிபார்க்கக் கொடுத்திருந்தால் அவளும் ஒரு சொல்லைக்கூட மாற்றியிருக்க மாட்டாள்.

டேபிளை எடுத்துவிட்டார்கள். உறை போட்டு ஒட்டுவதற்கு ஒரு மெஷின் வந்தது. அக்காவை மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். கைநிறையப் பணமும், ஒரு பூங்கொத்தும், நல்ல வார்த்தைகளும் கொடுத்தார்கள். முதல் டேபிள்காரிக்குச் சம்பளம் ஏறவில்லை. அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். பிறகு, கொஞ்ச நாளில், வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். அவளுக்கும் கூச்சம்.

அக்கா கூரியர் ஆபீஸ் ஒன்றில் ஊர்வாரியாகப் பார்சல் பிரிக்கும் வேலைக்குப் போனாள். அங்கே ஜன்னல் கிடையாது, நாற்காலியும் கிடையாது. கணுக்கால் வீங்கியது. அந்த வருஷம்தான் பெட்டிக்குப் பதவி உயர்வு வந்தது. இனிப்புப் பெட்டியோடு போனாள். மாமா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பெட்டி குடுத்த பெட்டி" என்றார். பழக்கம் காரணமாக எல்லோரும் சிரித்தார்கள்.

பெட்டி முதலில் கவனிக்கவில்லை. போன் குறைந்திருந்தது. அக்காவுக்குப் புது வேலை, களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். ஒருமுறை போனபோது குளியலறையில் புது வாஷிங் மெஷின் நின்றது.

"எப்பக்கா வாங்கினது?"

"போன மாசம்."

"சொல்லவே இல்லை?"

"நீ அங்க ஓடி இங்க ஓடிக்கிட்டிருப்ப. உன்னை ஏன் தொந்தரவு பண்றதுன்னு விட்டுட்டேன்."

அது மட்டமான மாடல். சீக்கிரமே பழுதாகும் என்று பெட்டிக்குத் தெரியும். கேட்டிருந்தால் வேறு ஒன்றைச் சொல்லியிருப்பாள். அவள் அந்த மெஷினின் மூடியைத் திறந்து மூடினாள். "நல்லா இருக்குக்கா" என்றாள்.

பிறகு மகள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள் என்பது சேர்ந்த பின்புதான் தெரிந்தது. வீட்டுக்கு வர்ணம் பூசியது, பூசி முடிந்த பின்பு. அக்கா எதையும் மறைக்கவில்லை. கேட்டால் எல்லாவற்றையும் சொன்னாள். முன்கூட்டிக் கேட்பது மட்டும் நின்றுபோயிருந்தது. பெட்டிக்கு விமான நிலைய வரிசைகளில் போன் வரவில்லை. சில சமயம் சும்மாவாவது கையில் எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

அக்கா திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. திட்டுக்காகவே ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பிப் போனாள். மாமா வேலைக்குப் போயிருந்தார். மகள் வகுப்பில். அக்கா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பெட்டி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னிக்கு நீ கேட்டியே, அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லணும்னு. அது எங்க ஆபீஸ்தான். எனக்கு முன்னாடியே தெரியும். என்ன சொன்னா உன் டேபிள் நிக்கும்னும் தெரியும். நான் சொல்லலை."

அக்கா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்டி" என்றாள்.

"எப்ப?"

"டேபிளை எடுத்த அன்னிக்கே உங்க மாமா சொன்னாரு, அது பெட்டியோட ஆபீஸ்தான், அவளுக்குத் தெரியாம இருக்குமான்னு. நான் அவர்கூட ரெண்டு நாள் பேசலை. அப்புறம் நானே உக்காந்து யோசிச்சேன்."

"சொல்லக் கூடாதுன்னு விதி இருந்துச்சுக்கா."

"இருக்கும். வேலைன்னா அப்படித்தான். அதுல எனக்கு வருத்தம் இல்லை. அது வேண்டாத டேபிள்தான், அங்க உக்காந்திருந்த எனக்குத் தெரியாதா? சும்மா உக்காந்து சம்பளம் வாங்கறமேன்னு நானே எத்தனை நாள் நினைச்சிருக்கேன்." அக்கா உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டாள். "'கேக்காதக்கா, என்னால சொல்ல முடியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்காதா? நான் என்ன அவ்வளவு மக்குப் பொம்பளையா? நீ அதைச் சொல்லலை. என்னை நிமிந்து பாத்த. எந்த வார்த்தையைச் சொன்னா உனக்கு ஒண்ணும் வராதுன்னு நீ தேடினது என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. நான் அப்ப சிரிச்சுட்டேன். ஆனா தெரிஞ்சுது. என்னை ஒரு வெளி ஆளைப் பாக்கிற மாதிரிப் பாத்தடி."

எவ்வளவு பெரிய அறைகளில் எவ்வளவு இக்கட்டான கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள் பெட்டி. வாய் தானாகத் திறந்தது.

"சரிக்கா. ஆனது ஆச்சு. இனிமே இதை எப்படிச் சரி பண்ணலாம்னு நாம பாப்போம். உன் கால் வலிக்கு ஒரு நல்ல டாக்டர், அப்புறம் உக்காந்து பாக்கிற மாதிரி ஒரு வேலை... நாம ஒண்ணொண்ணா..."

அவள் குரல் அவளுக்கே கேட்டது. இதமாக, தாழ்ந்து, ஒவ்வொரு 'நாம'வும் சரியான இடத்தில் விழ, ஐஸ்கிரீம் கிடங்கில் பேசின அதே குரல். அவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். கோபம் துளிகூட இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

"உனக்கு எதுக்குடி அந்த அலைச்சல்? நாங்க பாத்துக்கறோம்."

வெங்காயத்தின் காரம் அறை முழுக்க நிறைந்திருந்தது. இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, இருவரும் துடைத்துக்கொண்டார்கள். அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மத்தியானம் மாமா வந்தார். லிஃப்டுக்குள் தூங்கிப்போன கிழவர் ஒருவரின் கதையைச் சொன்னார். சாப்பிட்டார்கள். பெட்டி தானே எழுந்து குழம்பு எடுத்துக்கொள்ளப் போனபோது அக்கா, "நீ உக்காரு, நான் போடறேன்" என்றாள். தட்டை அலம்பப் போனபோதும் வாங்கி வைத்துவிட்டாள். "இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் கிளம்பினாள். அந்த வீட்டிலிருந்து அவள் கிளம்புவது எப்போதும் ஒரு கூச்சலாக இருக்கும். அக்கா உள்ளே எங்கிருந்தோ, "போன் சார்ஜரை மறந்துடாத, கதவைச் சாத்திட்டுப் போ!" என்று கத்துவாள், முகத்தைக்கூடக் காட்ட மாட்டாள். பெட்டி கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவாள்.

அன்றைக்கு அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள். வீங்கிய காலோடு ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்கி, கீழே வாசல் கேட் வரைக்கும் கூடவே வந்தாள்.

"எதுக்குக்கா இறங்கி வந்த? காலு வலிக்கும்."

"பரவால்ல. வீட்டுக்கு வந்தவங்களை..." என்று ஆரம்பித்து அக்கா நிறுத்திக்கொண்டாள். கேட்டைத் திறந்து பிடித்தாள். "பாத்துப் போ. போய்ச் சேந்ததும் ஒரு மெசேஜ் போடு."

"போடறேன்."

பெட்டி ஏறிய வண்டி தெருமுனை திரும்பும்வரை அக்கா அங்கேயே நின்றாள். கையைக்கூட ஆட்டினாள். பெட்டியும் ஆட்டினாள்.